பெருவிரல் பிடித்த பிடி

என் வலது கைப் பெருவிரல் இப்போது நன்றாக இருக்கிறது. வளைக்கலாம், நீட்டலாம், தேங்காய் துருவலாம், என் வீட்டுக்காரரை நோக்கி ஆட்டி எச்சரிக்கவும் செய்யலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் லிங்கநகரில் என் கையைப் பற்றி உலாவிய கதைகள் கொஞ்சநஞ்சமல்ல. துப்பாக்கிச் சன்னம் பட்டுவிட்டது என்றார்கள் சிலர். பாரிசவாதம் என்றார்கள் வேறு சிலர். எனக்குக் கையையே எடுத்தாயிற்று என்று சொல்லிக் கோயிலடியில் ஒருவர் கண் கலங்கியதாகவும் கேள்வி. உண்மை அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் எனக்கு வந்தது இந்த ஊரில், இந்த நாட்களில், யாருக்கும் வரக்கூடியது. இப்போது கொஞ்சம் அமைதியாக இருக்கிறது, பஸ்ஸும் ஓடுகிறது. மறுபடி குழம்புவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சீனன்குடாவில் ஒரு களஞ்சிய அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை பார்க்கிறேன். நிரந்தர நியமனம் இல்லை. என்னிடம் தந்திருக்கும் இயந்திரம் என்னைவிட வயதில் மூத்தது. ஒவ்வொரு எழுத்தையும் குத்தித்தான் விழவைக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு பஸ் டிப்போவில் வேலை. பஸ் ஓடினால்தான் அவருக்கு வேலை, அந்த வருடம் சண்டையால் பஸ் ஓடாத நாட்களே அதிகம். ஆகவே குடும்பம் என் பத்து விரல்களின் மேல்தான் நின்றது.

முதலில் தேநீர்க் கோப்பை நழுவியது. பிறகு குழாய்த் திருகைத் திருப்ப முடியவில்லை. மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, ஊசி ஏற்றியது போல ஒரு குத்து. எண்ணெய் தடவினேன், துணி சுற்றினேன், இயந்திரத்தைத் திட்டினேன். ஒரு நாள் அலுவலகத்தில் கதிரையை இழுத்துப் போடக் கையை நீட்டியபோது வாய்விட்டுக் கத்திவிட்டேன். அதன் பிறகு ஒளித்து வைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காத்திருப்பதும் ஒரு தனி உத்தியோகம். விடியப் போய் இலக்கத் துண்டு எடுத்து, மர வாங்கில் இடம் பிடித்து, முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் முறை வந்தபோது டொக்டர் பெருவிரலை உள்ளே மடக்கச் சொன்னார். மற்ற விரல்களால் அதை மூடச் சொன்னார். பிறகு என் முட்டியைச் சின்னவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதுதான் சோதனையாம். எலும்பில் ஏதும் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள், வாதத்துக்கான இரத்தச் சோதனையும் செய்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை.

அவர் ஒரு கடதாசியில் கீறி விளங்கப்படுத்தினார். பெருவிரலை இழுக்கிற இரண்டு நாண்கள் மணிக்கட்டில் ஒரு சின்னக் குழாய்க்குள்ளால் ஓடுகின்றனவாம். ஓய்வில்லாமல் ஒரே வேலையைச் செய்தால் அந்தக் குழாயின் உறை தடித்துவிடும். பிறகு நாண் போகும்போதும் வரும்போதும் உரசும். மருந்து, ஓய்வு, கைக்கு ஒரு மட்டைக் கட்டு. இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று சொல்லி விடுமுறைத் துண்டும் எழுதித் தந்தார்.

நான் சொன்னபடி கேட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும். இயந்திரத்தை மட்டுமல்ல, அகப்பையைக்கூடத் தொடவில்லை. என் வீட்டுக்காரர் சமைத்தார். நாங்கள் இருவரும் அதைச் சாப்பிட்டோம், அதற்கு மேல் அந்தச் சமையலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உடுப்புத் தோய்த்தார். என் தலைமயிரைப் பின்னியும் விட்டார், லொறிக்குக் கயிறு முறுக்குவது போல. பின்னி முடித்ததும் இழுத்துப் பார்த்து, இது அறாது என்று சான்றிதழும் தந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என்னைப் பார்த்துக்கொள்ள அவர், அவரைக் குறை சொல்ல நான்.

இவ்வளவு ஓய்வுக்கும் கை ஆறவில்லை. ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் அதே சோதனை, அதே கண்ணீர். மணிக்கட்டில் ஓர் ஊசி போட்டார்கள். சில நாள் சுகமாக இருந்தது, பிறகு பழையபடி. நான் ஒளித்து வேலை செய்கிறேன் என்று டொக்டர் சந்தேகப்பட்டார். சத்தியம் செய்தேன். கடைசியில், அந்தக் குழாயைக் கீறித் திறந்து விடுவோம், சின்னச் சத்திரசிகிச்சைதான் என்றார். பக்கத்தில் ஒரு மெல்லிய நரம்பு ஓடுகிறது, அதில் பட்டால் விரல் கொஞ்சம் மரத்துப் போகலாம், பிறகு பல கிழமைகள் கைக்கு வேலை கொடுக்கக்கூடாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அந்தப் பல கிழமைகள்தான் என்னைக் கொன்றன. என் இடத்தில் தற்காலிகமாகக் கப்பல்துறையிலிருந்து ஒரு பெட்டை வந்திருந்தாள். நன்றாகத் தட்டுகிறாளாம். அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் நல்ல மனுசன்தான், ஆனால் விடுமுறை முடிய நான் வராவிட்டால் அந்த இடத்தை வைத்திருக்கத் தன்னால் ஏலாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். கையை வெட்டினால் வேலை போகும், வெட்டாமல் விட்டாலும் வேலை போகும். இரண்டுக்கும் நடுவில் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். பித்தப்பையில் கல். வாட்டில் எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்று அழைத்தார்கள், நானும் அப்படியே அழைத்தேன். வலி இல்லாத நேரமெல்லாம் பகிடிதான். முதல் நாள் மத்தியானம் நான் கண்ணயர்ந்து எழும்பியபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நித்திரையிலயும் எதையோ இறுக்கிப் புடிச்சிட்டுத்தான் கிடக்கிறீங்க. மாப்பிளட கையெண்டு நெனப்போ?"

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அந்தப் பேச்சை அத்தோடு மறந்தும் விட்டேன்.

சத்திரசிகிச்சை நாள் வந்தது. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. பச்சைச் சட்டையை மாட்டி, காப்பைக் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, நல்லூர்க் கந்தன் தொடக்கம் கோணேசர் வரை எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தேன். அப்போதுதான் வெளியே வாகனங்கள் வந்து நின்ற சத்தம் கேட்டது. தெற்குப் பக்கமிருந்து காயப்பட்டவர்களை ஏற்றி வந்திருந்தார்கள். தாதி மிஸ்ஸிமார் ஓடினார்கள். தியேட்டர் அவர்களுக்கு வேண்டும், இன்றைக்கு மற்றவர்களுக்கு இல்லை என்று வந்து சொன்னார்கள். கட்டில்களுக்கு நடுவே பாய் விரித்தார்கள். என் கால்மாட்டில் ஒரு சின்னப் பெண்ணைக் கிடத்தினார்கள், தொடையில் கட்டு. எனக்கு என் கையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஒரு பெருவிரலுக்காகக் கட்டிலில் படுத்திருக்கிறேனே என்று எழும்பிக் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பாயில் இருந்தேன்.

அடுத்த தியேட்டர் நாள் வரும் வரை நான் சும்மாதான் இருக்க வேண்டும். சும்மா இருப்பானேன் என்று டொக்டர் என்னை உடற்பயிற்சிச் சிகிச்சை அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவள் மாலனி என்ற சிங்களப் பிள்ளை. கண்டிப் பக்கம். இரண்டு வருடமாக இங்கே வேலை. தமிழை அவசரமில்லாமல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள். என் கையைத் தொடுவதற்கு முன் கதிரையைத் தள்ளி வைத்து, அறையின் நடுவில் என்னை நிற்கச் சொன்னாள்.

"அக்கா, காலையில எழும்பினதில இருந்து வேலைக்குப் போற வரைக்கும் என்ன செய்வீங்களோ, எல்லாம் செஞ்சு காட்டுங்க. கதைக்க வேணாம். செஞ்சு மட்டும் காட்டுங்க."

இதென்ன விசர் விளையாட்டு என்று நினைத்தேன். இருந்தாலும் செய்தேன். பல் தீட்டினேன், அடுப்பு மூட்டினேன், சேலை கட்டினேன். சாப்பாட்டுப் பார்சலைப் பையில் வைத்தேன். கதவைப் பூட்டினேன். குடையைக் கக்கத்தில் இடுக்கினேன். பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்தேன். மாலனி கையைத் தட்டி நிறுத்தினாள்.

"கதவு பூட்டினது இடது கை. குடை இடது கை. பஸ் கம்பியும் இடது கை. மத்தக் கை எங்க?"

குனிந்து பார்த்தேன். என் வலது கை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, மூடியபடி, பெருவிரல் ஆட்காட்டி விரலை அமுக்கியபடி இருந்தது. நான் அதை அங்கே வைத்ததே எனக்குத் தெரியாது.

"அதில ஐசி இருக்கெல்லோ," என்றேன், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

ஐசி என்றால் அடையாள அட்டை. எங்கள் ஊரில் அதைத் தெரியாத குழந்தை இல்லை. லிங்கநகரிலிருந்து சீனன்குடாவுக்குப் போவதற்குள் சோதனைச் சாவடிகளில் இறங்கி இறங்கி நடக்க வேண்டும். முன்பெல்லாம் நானும் அட்டையைக் கைப்பையில்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் வரிசையில் என் முறை வந்தபோது அட்டை அகப்படவில்லை. சாப்பாட்டுப் பார்சலுக்கும் குடைக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினேன். பைக்குள் கை போனதைக் கண்டதும் எதிரே நின்ற ஆமிப் பெடியன் துவக்கைத் தூக்கிவிட்டான். மீசை சரியாக முளைக்காத பெடியன். அட்டை பார்சலுக்கு அடியில் கிடந்தது, காட்டினேன், போ என்றான், அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து வீட்டு வாசலிலேயே அட்டையை வலது கையில் எடுத்துவிடுவேன். அலுவலக வாசலில் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பாஸ் தருவார்கள். மேசைக்குப் போகும் வரை அந்தப் பாஸ் கையில் இருக்கும். பின்னேரம் திரும்பி வரும்போது மறுபடி அட்டை. கடைக்குப் போனாலும் அட்டை, கிளினிக்குக்கு வந்தாலும் அட்டை. எந்நேரம் ஆமியின் சுற்றிவளைப்பு வருமோ என்று படுக்கும்போதும் தலையணைக்குக் கீழே அட்டை, அதன் மேல் கை. விடுமுறையில் நான் இயந்திரத்தைத் தொடவில்லைதான். அட்டையை விட்டேனா?

ராத்தாவின் பகிடி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாலனி ஒரு மட்டைத் துண்டை வெட்டி என் விரல்களுக்குள் வைத்தாள். சாவடியில் பிடிப்பது போலப் பிடிக்கச் சொல்லிவிட்டு இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள், மட்டைதான் கிழிந்தது. இன்னொரு துண்டைத் தந்து, இது கலியாண வீட்டு அழைப்பு, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கப் போகிறீர்கள், அப்படிப் பிடியுங்கள் என்றாள். பிடித்தேன். அதையும் இழுக்க முடியவில்லை. மெல்லப் பிடிப்பது எப்படி என்பதையே கை மறந்திருந்தது. சுவர்க் கண்ணாடியில் என்னைக் காட்டினாள். தோள் இரண்டும் காதடிக்கு ஏறியிருந்தன, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தட்டெழுத்து நாணைப் புண்ணாக்கியது, பிடி அதை ஆறவிடவில்லை என்றாள்.

"பயமில்லாமல் போகச் சொல்லுறீங்களோ?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

"இல்ல அக்கா. பயம் எனக்கும் இருக்கு. இங்க எல்லாருக்கும் இருக்கு. அது நெஞ்சில இருக்கட்டும். கையில குடுக்க வேணாம்."

அன்றைக்கே பழக்கினாள். மூச்சை வெளியே விடும்போது தோளைக் கீழே விட வேண்டும். பற்களுக்கு நடுவே நாக்கு நுனி நுழையும் அளவு இடைவெளி வேண்டும். விரல்களை விரித்து, சோறு பிசைந்து முடித்த கையை உதறுவது போல உதற வேண்டும். ஒவ்வொரு தாள் தட்டி முடிந்ததும் அடுத்த தாளைச் செருகுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும், பஸ்ஸில் ஒவ்வொரு தரிப்பிலும் செய்ய வேண்டும். கேட்கச் சுலபம். செய்து பாருங்கள், நாங்கள் எல்லோரும் எவ்வளவு இறுகிப் போயிருக்கிறோம் என்று தெரியும்.

டொக்டர் முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே தன் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்த தியேட்டர் நாள் வரை பார்ப்போம், அன்று காலை சோதனையில் வலி குறைந்திருந்தால் கத்தி வேண்டாம், இல்லாவிட்டால் வெட்டத்தான் வேண்டும் என்றார்.

அதுவரை அட்டை என் கையில் இருக்கக்கூடாது. அப்படியென்றால் எங்கே இருப்பது? அலுமாரியில் வைத்தால் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரர் கொண்டுபோனால் சோதனை வரும்போது நான் என்ன காட்டுவது? ராத்தாதான் தன் கையை நீட்டினார். "என்டதோட கிடக்கட்டும்," என்று வாங்கி, தன் அட்டையோடு சேர்த்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். அன்று முழுவதும் நான் ராத்தாவின் தலையணையைக் காவல் காத்தேன். அவர் புரண்டு படுத்தால் என் நெஞ்சு இடித்தது. குளிக்கப் போய்விட்டுப் பாதியில் ஈரத்தோடு வந்து எட்டிப் பார்த்தேன். கை மட்டும் மட்டைக் கட்டுக்குள் சும்மா கிடந்தது.

மறுநாள் மத்தியானம் ஆமிக்காரர் சோதனைக்கு வந்தார்கள். பூட்ஸ் சத்தம் வாட்டு வாசலில் கேட்டதும் நான் பாயிலிருந்து எழும்பிவிட்டேன். ராத்தா எழும்பவே இல்லை. சாய்ந்தபடியே இரண்டு அட்டைகளையும் உள்ளங்கையில் விரித்து, வெற்றிலை நீட்டுவது போல நீட்டினார்.

"இது என்ட. இது என்ட தங்கச்சிட."

வந்தவன் என் பொட்டைப் பார்த்தான், அவருடைய முக்காட்டைப் பார்த்தான். அட்டைகளைப் பார்த்தான். அடுத்த கட்டிலுக்குப் போனான். நான் அப்போதுதான் குனிந்து என் கையைக் கண்டேன். மட்டைக் கட்டோடு, உள்ளே ஒன்றுமில்லாமல், நகம் உள்ளங்கையில் பதிய இறுகிக் கிடந்தது. மூச்சை விட்டேன். தோளை விட்டேன். ஒவ்வொரு விரலாகத் திறந்தேன், கடைசியாகப் பெருவிரலை. ராத்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாகப் பகிடி விடவில்லை.

தியேட்டர் நாள் காலையில் மறுபடி பட்டினி, மறுபடி பச்சைச் சட்டை. டொக்டர் வந்து என் பெருவிரலை மடக்கி, விரல்களை மூடி, முட்டியைச் சாய்த்தார். நான் கத்துவதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தேன். கத்த வேண்டியிருக்கவில்லை. நோ இருந்தது, ஆனால் தாங்கக்கூடிய நோ. அவர் இன்னும் கொஞ்சம் சாய்த்தார். பிறகு என் கையைத் திருப்பித் தருவது போல மடியில் வைத்துவிட்டு, போய்ச் சாப்பிடுங்கோ என்றார். நான் சாப்பிடப் போகவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோசமாக நான் அழுதது என் கலியாணத்துக்குக்கூட இல்லை.

வெளிக்கிடும்போது ராத்தா என் அட்டையைத் தந்தார், தலையணைச் சூடு அதில் இருந்தது. அவருக்குச் சத்திரசிகிச்சை இன்னும் நடக்கவில்லை. பிறகு நன்றாக முடிந்ததாக மாலனி சொன்னாள்.

வீட்டில் மிச்ச நாட்கள் கட்டோடும் பயிற்சியோடும் போயின. பெரிய கிளாக்கர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் ஒரு கண்ணாடிப் பிளாஸ்ரிக் உறையின் மூலையில் துளை போட்டு, தன் பழைய சப்பாத்தின் கறுப்புக் கயிறைக் கழுவிக் கோத்து, அட்டையைக் கழுத்தில் தொங்கவிடுகிற மாதிரிச் செய்து, அலுமாரிப் பிடியில் மாட்டி வைத்தார். இரண்டு கையும் வெறுமையாக, பார்ப்பவனுக்குத் தெரியும்படி இருக்கும், பைக்குள் துழாவவும் தேவையில்லை என்பது அவருடைய கணக்கு.

திங்கள் காலை சேலை கட்டினேன், பார்சலை எடுத்தேன், போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எங்கள் சின்ன ஒழுங்கை முழுக்கத் தோளைக் கீழே விட்டபடி, மூச்சை எண்ணாமல், கையை வீசி நடந்தேன். பிரதான வீதிக்கு ஏறும்போது பின்னால் யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பினால் அவர்தான், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார். கையில் அந்தக் கறுப்புக் கயிறு ஆடுகிறது.

அட்டை இல்லாமல் முதல் சாவடிக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் இன்னொன்றும் விளங்கியது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான் அதை மறந்திருக்கிறேன். என் கை மறந்திருக்கிறது. வீதியில் நின்று சிரிக்கத் தொடங்கினேன், அடக்க முடியவில்லை, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விசரே உமக்கு?" என்றார் மூச்சிரைக்க. "இது இல்லாமல் எங்க போகப் போறீர்?"

பழக்கத்தில் வலது கையை நீட்டினேன். அவர் தரவில்லை. கயிறை விரித்து என் தலைக்கு மேலால் போட்டு, பின்னலைத் தூக்கி, கழுத்தில் சரிசெய்தார்.

"முதல் தரம் கட்டேக்க ஐயர் மந்திரம் சொன்னவர். இப்ப நான் சொல்லுறன். இதைக் கையால தொடப்படாது."

பஸ் வந்தது. வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினேன்.